அந்த 2018 ஈக்கோஸ்போர்ட்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்முவுக்கு,

நீ கோயம்புத்தூரில் பார்த்த வண்டியின் படங்களும் ஆர்சி (பதிவுச் சான்று) நகலும் வந்தன. 2018 ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், 1.5 டீசல், டைட்டானியம் ரகம், மேனுவல் கியர், மீட்டரில் 78,000, டிஎன்-22 பதிவு, கேட்கிற விலை 5 லட்சத்து 60 ஆயிரம். "கம்பெனியே நாட்டை விட்டுப் போயிடுச்சே, வாங்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறாய்.

கம்பெனி போனது இந்த முடிவில் சின்ன விஷயம். டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் ரப்பர் பட்டை) மாற்றியிருக்கிறதா, வண்டி வெள்ளத்தில் நின்றதா, ஆர்சியில் யார் பெயர் இருக்கிறது, இந்த மூன்றும்தான் பெரிய விஷயம். மூன்றும் தேறி விலையும் ஐந்துக்குள் இறங்கினால் வாங்கு. வெள்ளத்திலோ பெயரிலோ இடறினால் பேச்சை நிறுத்திவிடு. ஈக்கோஸ்போர்ட் ஊரெல்லாம் கிடைக்கிறது, இந்த ஒன்றுக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கம்பெனிக் கவலையை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வண்டி நம் மறைமலை நகர் ஆலையில் செய்தது. 2013-இல் விற்பனைக்கு வந்தது, பிறகு இங்கிருந்தே அமெரிக்கா வரைக்கும் ஏற்றுமதியானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள், 2022 ஜூலையோடு அந்த ஆலையில் கடைசி வண்டியும் இறங்கியது. சர்வீஸும் ஸ்பேர்ஸும் தொடரும் என்று அப்போதே சொன்னார்கள், தொடரவும் செய்கிறது. ஃபில்டர், பிரேக் பேட், லிங்க் ராட், கிளட்ச், பெல்ட் மாதிரி தேய்ந்து போகிற சாமான்களை இந்த ஊர் கம்பெனிகளே செய்வதால் சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் தட்டுப்பாடில்லை, கோயம்புத்தூரிலும் கிடைக்கும். இழுத்தடிப்பது வேறு வகை: ஹெட்லைட், டிக்கி கதவின் வெளித்தகடு, டச் ஸ்கிரீன், எலக்ட்ரானிக் யூனிட்டுகள். இடித்துவிட்டால் இவற்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே இப்போதே இடிபட்டோ, ஸ்கிரீன் வேலை செய்யாமலோ இருக்கிற வண்டியை "அப்புறம் மாத்திக்கலாம்" என்று எடுக்காதே. ஆலை மறுபடி திறக்கப் போகிறது என்று 2024 செப்டம்பரிலிருந்து செய்தி வந்துகொண்டிருக்கிறது. அது ஏற்றுமதிக்கான திட்டம், உன் வண்டியின் ஸ்பேர்ஸ் கணக்கில் அதைச் சேர்க்காதே. கம்பெனி போனதால் மறுவிற்பனை விலை விழுந்திருக்கிறது, வாங்குகிற உனக்கு அது லாபம். ஆனால் நீ விற்கும்போதும் அப்படித்தான் விழும். ஐந்தாறு வருடம் வைத்திருப்பதாக இருந்தால்தான் இந்த வண்டி உனக்குக் கட்டுப்படியாகும்.

அடுத்தது, எந்த ஈக்கோஸ்போர்ட் என்பது. எல்லாம் ஒரே பெயரில் ஓடினாலும் உள்ளே வேறு வேறு வண்டிகள். ஒரு புரோக்கர் 2015 பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஒன்றை நாலு லட்சத்துக்குள் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அதைத் தொடாதே. 2017 நவம்பரில் முகம் மாறி வருவதற்கு முன்னால் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் என்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். அதன் கிளட்ச் எண்ணெயில் நனையாமல் உலர்வாகவே இயங்குகிற வகை. டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடேறி உதறும், சீல் கசிந்து கிளட்ச் தகட்டில் எண்ணெய் பட்டால் உதறல் கூடும், கடைசியில் கியரைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் யூனிட்டும் கைவிடும். இந்த கியர்பாக்ஸ் வண்டிகளின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது, அந்தப் பட்டியலில் ஈக்கோஸ்போர்ட்டும் உண்டு. ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் 2017 நவம்பருக்குப் பிறகு வந்த பெட்ரோலைத் தேடு. அதில் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்துவது) வகை, குடும்பத்துக்கு ஆகிற கியர்பாக்ஸ்.

பெட்ரோலில் இன்னொரு வம்பு டைமிங் பெல்ட் ஓடுகிற இடம். 1.0 ஈக்கோபூஸ்ட்டிலும், பின்னால் வந்த மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலிலும் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி சுற்றும். அதற்கென்று சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி, காலம் தவறாமல் மாற்றியிருந்தால் பிரச்சினையில்லை. மலிவு ஆயில் ஊற்றிய வண்டியில் பெல்ட் ரப்பர் கரைந்து துகளாகி, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஆயில் பிரஷர் போனால் எஞ்சின் போனது. சர்வீஸ் பில் முழுசாக இல்லாத ஈக்கோபூஸ்ட் என்ன விலைக்கு வந்தாலும் எனக்கு வேண்டாம்.

நீ பார்த்திருக்கும் டீசலுக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. ஃபோர்டும் பிரான்சின் பிஎஸ்ஏவும் சேர்ந்து உருவாக்கிய எஞ்சின் குடும்பம் அது. 1498 சிசி, 100 குதிரைத்திறன், பெல்ட் எண்ணெயில் நனையாமல் வெளியே ஓடும். 2020 முதல் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசலில் சைலன்சர் பாதையில் புகைத்துகள் வடிகட்டி வைத்தார்கள். ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓட்டினால் அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் அடைத்துக்கொள்ளும். 2018 பிஎஸ்4 வண்டிக்கு அந்தத் தலைவலி இல்லை. பழைய பெட்ரோல் வண்டிக்காரர்கள் இப்போது எத்தனால் இருபது சதவீதம் கலந்த பெட்ரோலை நினைத்துப் பயப்படுகிறார்களே, அதுவும் உனக்கு இல்லை.

ஆனால் உனக்கு டீசல் தேவையா? கணக்கைப் பார். ஆபீசுக்கு ஒருவழி ஒன்பது கிலோமீட்டர் என்றால் மாதம் 400 வரும். இந்த டீசல் ஊரும் ஹைவேயும் கலந்து லிட்டருக்கு 17 கொடுக்கும், இதே அளவு பெட்ரோல் வண்டி 12. டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 101 என்று வைத்துக்கொண்டால், 400 கிலோமீட்டருக்கு மிச்சம் மாதம் 1,200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. டீசலின் கூடுதல் சர்வீஸ் செலவு அதில் பாதியைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை செங்கல்பட்டுக்கு நீயே ஓட்டி வந்து போனால் மொத்தம் 1,300 ஆகும், மிச்சமும் 3,800 பக்கம் போகும். அப்போது டீசல் நியாயம். ஆக, நீ ஊருக்கு எத்தனை தடவை வரப்போகிறாய் என்பதில்தான் எஞ்சின் முடிவாகிறது. எனக்கு டீசல்தான் பிடித்திருக்கிறது, ஏன் என்று உனக்கே தெரியும். ஆனால் ரயிலில்தான் வருவேன் என்றால் இந்த வண்டி வேண்டாம்.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன். முதலில் டைமிங் பெல்ட். இந்த டீசலில் பெல்ட் அறுந்தாலோ பல் நழுவினாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க வேண்டிவரும், செலவு லட்சத்தை எட்டிப் பார்க்கும். அறுபடுவதற்கு முன் சத்தமோ விளக்கோ எதுவும் எச்சரிக்காது. கையேட்டில் கிலோமீட்டர் ஒன்றும் ஆண்டு ஒன்றும் போட்டிருக்கும், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. "எழுபத்தெட்டாயிரம்தானே ஓடியிருக்கு, இன்னும் நிறைய ஓடும்" என்று விற்கிறவர் சொல்வார். ரப்பருக்கு வயதும் உண்டு, நம் வெயிலில் பானெட்டுக்குள் அது வேகமாகவே கெடும். 2018 வண்டிக்கு மாற்றும் காலம் வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மாற்றியாகிவிட்டது என்றால் பில்லைக் கேள். பில்லில் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கும் இருக்க வேண்டும். வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், அதை விட்டுவிட்டு பெல்ட் மட்டும் மாற்றினால் பம்ப் கசியும்போது எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். கூலியோடு 15,000 முதல் 20,000 வரை விலையில் கழி, வாங்கிய வாரமே மாற்று.

வெள்ளம். டிஎன்-22 என்றால் மீனம்பாக்கம் ஆர்டிஓ, வண்டி முதலில் சென்னைத் தென்பகுதியில் ஓடியது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி வாக்கில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நின்ற கார்களின் கதி உனக்குத் தெரியும். அப்படி நனைந்த வண்டிகளைத் துடைத்து, சீட் கவர் மாற்றி, வெளியூருக்கு அனுப்பி விற்பது நடக்கிற காரியம்தான். ஆகவே வண்டி கோயம்புத்தூருக்கு எப்போது வந்தது என்று தேதியோடு கேள். 2023 டிசம்பருக்கு முன்னாலேயே வந்ததற்குக் கோவை சர்வீஸ் பில் காட்டினால் பாதிக் கவலை போயிற்று. பின்னால் வந்திருந்தால் கையால் பார்க்க வேண்டியதுதான். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழு, அடியில் சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தையும் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பார். லேசான மேல்துரு பரவாயில்லை, செதில் செதிலாக உதிர்ந்தால் தண்ணீர் ஏறிய வண்டி. டிரைவர் கால்பக்கத்து மிதியடிக்குக் கீழே கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்திப் பார். ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு, ஹெட்லைட்டுக்குள் மண்கோடு, ஸ்பீக்கர் கரகரப்பு. ஏசி போட்டதும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் சந்தேகப்படு. இந்த வண்டிக்கு 550 மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொன்னது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு. இரவு முழுக்கத் தண்ணீரில் நின்ற வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. இன்சூரன்ஸ் பாலிசி எண்ணை வாங்கி, முந்தைய கிளெய்ம் என்னென்ன என்று உரிமையாளரையே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டுச் சொல்லச் சொல். தயங்கினால் அதுவே பதில்.

ஆர்சி. நீ அனுப்பிய நகலில் இருப்பது ஒரு பெண்மணியின் பெயர், வண்டியைக் காட்டியது ஒரு ஆண். "செகண்ட் ஓனர்" என்று அவர் சொல்கிறார், நகலில் உரிமையாளர் வரிசை எண் 1 என்று இருக்கிறது. முதல் ஓனரிடம் படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே ஓட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஓப்பன் ஃபார்ம் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் வண்டி இன்னும் அந்த அம்மாவுடையது. விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் ஆர்சியில் பெயர் இருப்பவரையே சேரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவே வந்து கையெழுத்துப் போடட்டும், அல்லது இவர் முதலில் தன் பெயருக்கு மாற்றிவிட்டு உனக்கு விற்கட்டும். பணம் ஆர்சியில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதே. ஃபைனான்ஸ் இருந்ததா என்றும் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார். கடன் அடைந்திருந்தாலும் எச்.பி. (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்யாமல் விட்டிருப்பார்கள், அதற்கு வங்கியின் என்ஓசியும் படிவம் 35-உம் வேண்டும். அங்கேயே நிலுவை அபராதங்களும் தெரியும், அதை அடைப்பது விற்கிறவர் பாடு.

இந்த மூன்றும் தேறினால் மட்டும் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போ. காலையில் முதல் ஸ்டார்ட் உன் முன்னால் நடக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கையை வை. சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு, இன்னொரு நாள் போகலாம். டீசலின் குறைகள் சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்ளும். இக்னிஷனை ஆன் செய்து, ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய். இரண்டு மூன்று சுற்றிலேயே பிடிக்க வேண்டும். பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கரும்புகை கக்கினால் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்திருக்கலாம் அல்லது இன்டர்கூலர் குழாய் எங்கோ கசிகிறது.

பானெட்டைத் திறந்து, டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கம் கொஞ்சம் நேரம் செலவழி. இந்த எஞ்சின் குடும்பத்தின் பிறவிக்குறை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு காப்பர் வாஷர் உண்டு. அது தளர்ந்தால் எரிந்த வாயு மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக உறைந்துவிடும். ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) "சஃப் சஃப்" என்று ஒரு சத்தம் கேட்கும், ஏசி வழியாக உள்ளே புகை வாடை வரும். ஆரம்பத்தில் பிடித்தால் வாஷர் விலை அற்பம். விட்டுவிட்டால் கரி ஆயிலில் கலந்து, டர்போவுக்கு (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) ஆயில் போகும் மெல்லிய குழாயை அடைத்து, டர்போவையே காவு வாங்கும். தார் உறைந்த இன்ஜெக்டரைக் கழற்றுவதும் லேசில்லை. டார்ச் இல்லாமல் இது தெரியாது. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திற. லேசாக ஆவி வந்தால் சரி, குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் உட்பக்கம் வெண்ணெய் மாதிரி இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதாக இருக்கலாம், அதோடு பார்வையை முடித்துக்கொள். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பது குறையல்ல, அதைக் காட்டி யாராவது விலை குறைக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஓட்டும்போது நீலாம்பூர் பைபாஸ் பக்கம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போ. மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் பிடித்து முழுசாக மிதி. இரண்டாயிரத்துக்குக் கீழே சோம்பல் இருக்கும், அது இந்த வண்டியின் சுபாவம். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் இழுப்பு தெளிவாகக் கூட வேண்டும். விசில் சத்தம் சைரன் மாதிரி ஏறினால் டர்போ பேரிங்கைப் பார்க்க வேண்டும். நாலாம் கியரில் நாற்பதில் போகும்போது அழுத்தி மிதித்தால், ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. இதை மருதமலை ஏற்றத்தில் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். கிளட்ச் மிதி கடைசியில் போய்ப் பிடிப்பது, ஐட்லிங்கில் மிதியை விட்டால் கடகடவென்று ஒரு சத்தம், இரண்டையும் கவனி. கிளட்சை அழுத்துகிற ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்கும்போது கிளட்ச் செட்டும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். எழுபத்தெட்டாயிரத்தில் முதல் கிளட்ச் முடியும் தறுவாயில் இருந்தால் ஆச்சரியமில்லை. ஹைவேயிலேயே ஓடியிருந்தால் லட்சத்தைத் தாண்டும்.

வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கு, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேள். "டக் டக்" என்றால் லிங்க் ராட், அது சில்லறைச் செலவு. "தொம்" என்று கனமாகக் கேட்டால் லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) புஷ். லோயர் ஆர்ம் என்றதும் ஒன்று: 2017 மே, ஜூனில் சென்னையில் தயாரான சில ஈக்கோஸ்போர்ட்களின் முன் லோயர் ஆர்ம் வெல்டிங்கைச் சோதிக்க 2018-இல் ஃபோர்டே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2017 நவம்பர், டிசம்பரில் தயாரான சிலவற்றில் முன் சீட்டின் சாய்வுப் பூட்டுக்காகவும் அழைத்தது. உன் வண்டி பதிவானது 2018 ஜனவரி. தயாரிப்பு மாதம் டிசம்பராக இருக்க வாய்ப்பு அதிகம், ஆர்சியிலேயே அது இருக்கும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை நடந்ததா என்று ஃபோர்டு சர்வீஸ் சென்டரில் கேள்.

அங்கேயே சர்வீஸ் வரலாற்றையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல், உரிமையாளர் கூட இருந்தால் தருவார்கள். மீட்டரைத் திருப்பியிருந்தால் அதில் மாட்டும். ஏழு வருடத்துக்கு மேல் ஓடிய டீசலுக்கு 78,000 என்பது இருக்கக்கூடிய எண்தான், ஆனால் டீசல் வாங்குகிறவர் பொதுவாக இதைவிட அதிகம் ஓட்டுவார். டயரைப் பார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 4817 என்றால் 2017-இன் 48-ஆவது வாரம். முதல் செட் 45,000, 50,000 வரை வரும், ஆகவே இப்போது ஓடுவது இரண்டாவது செட்டாக இருக்க வேண்டும். அதுவும் போய் மூன்றாவது செட் மாட்டியிருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. ஃபோர்ஸ்கேன் என்று ஒரு ஆப் இருக்கிறது, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணையும் சின்ன ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் ஃபோர்டு வண்டியின் எல்லா எலக்ட்ரானிக் யூனிட்டையும் வாசிக்கும். பழைய எரர் கோடுகள் வந்தபோது வண்டி எத்தனை கிலோமீட்டரில் இருந்தது என்பதும் சிலவற்றில் பதிந்திருக்கும். பார்க்கப் போவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கோடுகளை எல்லாம் அழித்து வைத்திருந்தால் அதுவும் ஒரு சேதிதான்.

வெளிப்பக்கம் மூன்று இடம் போதும். உன் நான்காவது படத்தில் இடது முன் ஃபெண்டரின் நிறம் கதவோடு ஒட்டவில்லை, வெயில் கோணமாகவும் இருக்கலாம். ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருக்கிறதா பார். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி மெக்கானிக்கிடம் இருந்தால், கம்பெனிப் பெயின்ட் 80 முதல் 150 மைக்ரான் காட்டும், பட்டி பூசியது நானூறு ஐந்நூறு என்று போகும். ஃபெண்டர் மாற்றியது பெரிய குற்றமில்லை, ஊருக்குள் ஓடுகிற வண்டி உரசத்தான் செய்யும். அதற்குள்ளே எஞ்சின் அறையின் பக்கச் சுவராக இருக்கும் ஏப்ரன் தகடும் கூரையைத் தாங்கும் பில்லரும் வளைந்து நிமிர்த்தியிருந்தால்தான் வேண்டாம்.

பிறகு டிக்கி கதவு. ஸ்டெப்னி முழுவதையும் அந்தக் கதவுதான் சுமக்கிறது. பாதி திறந்து, வலது ஓரத்தைக் கையால் மேலே தூக்கிப் பார். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, மூடும்போது கதவைத் தூக்கி மூட வேண்டிவரும், ரப்பர் பீடிங் சரியாக உட்காராமல் மழைநீர் உள்ளே வரும். ஸ்டெப்னியைப் பிடித்து ஆட்டியும் பார். ரிவர்ஸில் கம்பத்தில் மெல்ல இடித்தாலே ஸ்டெப்னி கதவுத் தகட்டை உள்ளே தள்ளிவிடும், அந்தத் தகடு கிடைப்பதுதான் கஷ்டம் என்று மேலே சொன்னேன். கைப்பிடி வலது டெயில் லைட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. கதவு இடப்பக்கக் கீலில் திறப்பதால், சாலையோரம் இடதுபக்கம் நிறுத்தினால் சாமானை எடுக்க நீ நடுரோட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும், பின்னால் சுவரை ஒட்டி நிறுத்தினால் திறக்கவே முடியாது. உன் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார். இதை வாங்கிய பிறகுதான் நிறையப் பேர் கண்டுபிடிக்கிறார்கள்.

டைட்டானியத்தில் ஏர்பேக் இரண்டுதான், ஆறு வேண்டுமென்றால் டைட்டானியம் பிளஸ் அல்லது எஸ். ஆறு கிடைத்தால் அதற்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பின்சீட்டு மூன்று பேருக்கு நெருக்கம், உனக்கு அது பொருட்டில்லை.

மாருதி பிரெஸ்ஸா டீசல் எடுக்கலாமே என்று உன் சித்தப்பா சொல்லுவார். தப்பில்லை. டைமிங் செயின், எந்த ஊரிலும் மெக்கானிக். 2020-க்கு மேல் டீசல் கிடையாது, அதனால் இருக்கிறவற்றுக்குக் கிராக்கி. இதே காசுக்கு இரண்டு வருடம் பழையதாகவும், அதிகம் ஓடியதாகவும்தான் கிடைக்கும். ஹைவேயில் ஓட்டும் நிதானத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நான் ஈக்கோஸ்போர்ட் பக்கம்.

விலை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது, புது வண்டி விலையே குறைந்திருக்கிறது. பழைய விலையை வைத்துக்கொண்டு 5.60 கேட்கிறார்கள், இதை மறக்காமல் சொல். பிறகு இந்த வண்டிக்கே உரிய கழிவு: பெல்ட் கிட் கூலியோடு 18,000, டயர் தேய்ந்திருந்தால் 205/60 ஆர்16 அளவில் நான்குக்கு 30,000 பக்கம், பேட்டரி பழையதென்றால் 7,000, சஸ்பென்ஷன் சில்லறை வேலை 10,000, எல்லா ஃபில்டரும் ஆயிலும் கூலன்ட்டும் மாற்ற 10,000. கூட்டினால் 75,000. நாலு எண்பத்தைந்தில் தொடங்கு. பெல்ட் பில் காட்டினால் ஐந்து வரை போ, அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். கிளட்ச் நழுவினால் அதற்குத் தனியாக ஒரு கொட்டேஷன் வாங்கிக் கழி. டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரத்துக்கு மேல் கொடுக்காதே, "ஆர்சி, வெள்ளம், எச்.பி. எதிலாவது குறை கண்டால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதி வாங்கிக்கொள்.

வாங்கினால் பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸை உன் பெயருக்கு மாற்று. பழையவர் பெயரிலேயே கிடந்து இடித்துவிட்டால், உன் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. அவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அதனால் வித்தியாசத் தொகை கட்டச் சொல்வார்கள், அதைப் பார்த்துத் திகைக்காதே. ஆயில் 5டபிள்யூ-30, ஃபோர்டு டீசலுக்குச் சொன்ன தரம் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்று. நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணை, டர்போவுக்கு நல்லது.

சனிக்கிழமை போகிறாய் என்றால், அதற்கு முன் அந்த அம்மாவிடம் போனில் பேசி, வண்டியை எப்போது, யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டுவிடு. ஆர்சியின் பின்பக்கப் படமும் இன்சூரன்ஸ் பாலிசியின் முதல் பக்கமும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. டார்ச்சும் பழைய துணி ஒன்றும் எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா